வைன்ஸ்பெர்க் வைத்தியர்

சென்ற ஆண்டு ஆவணி மாதம் என் அத்தை டில்லிக்கு வந்தார். ஊர் பார்க்க வரவில்லை, கண்ணுக்காக வந்தார். ஊர் பார்ப்பதற்கு முதலில் கண் திறக்க வேண்டுமே! அத்தைக்கு இரண்டு ஆண்டுகளாகவே இமைகள் தாமாக மூடிக்கொள்ளும். முதலில் வெயில் கூசுகிறது என்றார்கள். பிறகு கண்ணாடி மாற்றினார்கள். சொட்டு மருந்து விட்டார்கள். நாளடைவில் தெருவைக் கடக்கும்போது இரண்டு இமைகளும் இறுக மூடிக்கொண்டு, விரலால் பிரித்துப் பிடித்தால்தான் வழி தெரியும் என்ற நிலை வந்துவிட்டது. பார்வையில் ஒரு குறையுமில்லை. கண்ணை மூடும் தசைதான் சொன்னபடி கேட்கவில்லை.

இங்குள்ள நரம்பு வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார்: பிளெஃபரோஸ்பாஸம். இமைகளைச் சுற்றிச் சில இடங்களில் ஊசி போட்டால் குணம் தெரியும் என்றும் சொன்னார். மருந்து என்ன என்று அத்தை என்னைக் கேட்டார். மருத்துவம் படிக்கிற பிள்ளை என்ற பெருமையில் நானும் யோசிக்காமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன்: பொட்டுலினம் நஞ்சு, மனிதன் அறிந்த நஞ்சுகளிலெல்லாம் கொடியது என்று. அவ்வளவுதான். அத்தை அன்றிரவு சாப்பிடவில்லை. ஊரிலிருந்து மாமா தொலைபேசியில் கூப்பிட்டு, நஞ்சை ஊசியில் ஏற்றும் வைத்தியம் எந்த நூலில் உள்ளது, முதலில் சொன்ன மகானுபாவன் யார் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தேர்வுக்குப் படித்ததில் அந்த நஞ்சு நரம்பில் எங்கே வேலை செய்கிறது என்பது இருந்தது. யார் முதலில் நினைத்தார் என்பது இல்லை.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அங்கேதான் இந்த மனிதரைச் சந்தித்தேன். அன்று முதல் அவரை விட முடியவில்லை. தமிழ் நண்பர்களுக்கும் அவரை அறிமுகம் செய்து வைக்கலாம் என்றே இதை எழுதுகிறேன்.

யுஸ்டினுஸ் கெர்னர் என்பது அவர் பெயர். ஜெர்மனியின் தென்மேற்கே வூர்ட்டம்பெர்க் நாட்டில், லுட்விக்ஸ்பர்க் என்ற ஊரில் 1786-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி. சிறு வயதிலேயே கெர்னருக்கு வயிற்றில் எது போட்டாலும் தங்காத ஒரு நோய். பல வைத்தியர்கள் கைவிட்ட பிறகு, காந்த வைத்தியம் என்று அக்காலத்தில் பேர் பெற்றிருந்த ஒரு முறையைக் கையாண்ட க்மெலின் என்ற டாக்டரிடம் குணமானதாக அவரே நம்பினார். கையை மேலிருந்து கீழே தடவி நோயைப் போக்குவது அந்த முறை. நம் ஊரில் மந்திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. இந்தச் சங்கதியை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் வேலைக்கு வரும்.

1799-இல் தந்தை இறந்தார். குடும்பம் தளர்ந்தது. பையனை ஒரு துணி ஆலையில் சேர்த்துவிட்டார்கள். துணி மூட்டைகளுக்குப் பை தைக்கும் வேலை. கை தைத்துக் கொண்டிருக்க, வாய் கவிதை புனைந்து கொண்டிருந்தது. அவருடைய பழைய ஆசிரியர் ஒருவர் டூபிங்கன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவர் கைகொடுத்துப் பையனை ஆலையிலிருந்து மீட்டார். 1804-இல் டூபிங்கன் போய்ச் சேர்ந்தார் கெர்னர். என்ன படிப்பது என்று தெரியாமல் ஊர் எல்லையில் களைத்துத் தூங்கியபோது, மருத்துவமனைச் சன்னலிலிருந்து காற்றில் பறந்து வந்த ஒரு மருந்துச் சீட்டு அவர் மேல் விழுந்ததாம். அதையே விதியின் கட்டளையாகக் கொண்டு மருத்துவத்தில் சேர்ந்தாராம். இதைப் படித்தபோது, நுழைவுத் தேர்வுக்காக நாம் பட்ட பாடு நினைவுக்கு வந்து சிரித்துக் கொண்டேன்.

டூபிங்கனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் அவுட்டன்ரீத் என்பவர். பெரிய வைத்தியர், கண்டிப்பானவர். வாய்த்த நண்பர் உலாண்ட், பிற்காலத்தில் ஜெர்மன் மொழியில் புகழ் பெற்ற கவிஞர். 1806-இல் அவுட்டன்ரீத்தின் மருத்துவ நிலையத்தில் மனம் குலைந்த ஒரு நோயாளியைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். அவர் ஹோல்டர்லின், இன்று அம்மொழியின் தலைசிறந்த கவிஞர் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறவர். அவருடைய நோய்க் குறிப்பு எழுதும் வேலை மாணவரான கெர்னருக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், இனித் தேறமாட்டார் என்று சொல்லி அவரை ஒரு தச்சர் வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். அங்கே அவர் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய கவிதைகள் சிதறிப் போகாமல் 1826-இல் நூலாக வெளிவந்ததில் கெர்னருக்கும் பங்கு உண்டு. இருபது வயது மாணவனாகத் தான் கவனித்த நோயாளியை அவர் மறந்துவிடவில்லை. நமக்கு வார்டில் ஒதுக்கப்படும் படுக்கைகளில் எத்தனை பேருடைய முகம் அடுத்த மாதம் நினைவிருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோர்சிங் வாசிப்பதில் அவர் வல்லவர். ஆம், நம் கச்சேரிகளில் கடத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கிறார்களே, அதன் ஐரோப்பிய உறவுக் கருவிதான். மனநோயாளிகளுக்கு அதை வாசித்துக் காட்டுவார்.

1808-இல் டாக்டர் பட்டம் பெற்றார். காதின் உறுப்புகள் செய்யும் தொழிலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. ஹாம்பர்க், பெர்லின், வியன்னா என்று சுற்றிவிட்டுத் திரும்பி, சிற்றூர்களில் வைத்தியம் பார்த்தார். வில்ட்பாட், வெல்ட்ஸ்ஹைம், கெயில்டார்ஃப் என்று ஊர் ஊராக மாற்றம். 1813-இல் தாம் மாணவப் பருவத்திலிருந்தே விரும்பிய ஃப்ரீடரிக்கே என்ற பெண்ணை மணந்தார். ரிக்கலே என்பது அவர் மனைவியை அழைத்த செல்லப் பெயர். 1819-இல் வைன்ஸ்பெர்க் என்ற ஊரின் அரசாங்க வைத்தியராக அமர்ந்தார். அங்கேயே கடைசி வரை இருந்தார்.

நிற்க. இனிச் செய்திக்கு வருகிறேன்.

அந்நாட்டுக் குடியானவர்கள் பன்றியை அறுத்தால் அதன் இரத்தம், ஈரல், கொழுப்பு எல்லாவற்றையும் அரைத்துக் குடலில் அடைத்துப் புகையில் தொங்கவிட்டுப் பல வாரம் வைத்திருந்து சாப்பிடுவார்கள். இதுதான் சாஸேஜ். 1793-இல் வில்ட்பாட் ஊரில் இப்படிப்பட்ட உணவைச் சாப்பிட்ட பதின்மூன்று பேர் நோயில் விழுந்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். நெப்போலியன் காலத்துப் போர்களும் வறுமையும் சேர்ந்து கொள்ளவே, கெட்டது கெடாதது பார்க்காமல் உண்ணும் நிலை வந்தது. இத்தகைய சாவுகள் பெருகின. 1802-இல் அரசாங்கம் எச்சரிக்கை அறிக்கை விட்டது. காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஒருவகைச் சயனைடு அமிலமாக இருக்கலாம் என்றும் எண்ணினார்கள்.

கெர்னர் என்ன செய்தார்? அவரிடம் ஆராய்ச்சிச் சாலை இல்லை. பெரிய நகரத்து ஆஸ்பத்திரி இல்லை. குதிரை வண்டியும் குறிப்பேடுமே இருந்தன. தம் கையில் வந்த நோயாளிகளைப் பற்றி 1817-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு அக்கம்பக்கத்து வைத்தியர்களிடமிருந்தும் அரசாங்க ஏடுகளிலிருந்தும் ஒவ்வொரு நோயாளியின் கதையாகச் சேர்த்தார். 1820-இல் வெளியிட்ட நூலில் எழுபத்தாறு பேர். 1822-இல் வெளியிட்ட இரண்டாம் நூலில் நூற்று ஐம்பத்தைந்து பேர்.

அந்த நோயின் விவரத்தை அவர் வகுத்திருக்கும் முறையை இன்றைய பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வியந்து போனேன். வயிற்றுப் புரட்டலுக்குப் பிறகு வாய் வறண்டு போகும், கண்ணீர் நின்று விடும், பாவை விரிந்து அசையாமல் நிற்கும், இமை தொங்கும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், விழுங்க முடியாது, குரல் கம்மும், கைகால் சோரும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்று போகும். இவ்வளவு நடக்கும்போதும் அறிவு தெளிவாகவே இருக்கும். சாகிறவன் தான் சாவதைக் கடைசிக் கணம் வரை அறிந்திருப்பான். இதையெல்லாம் கருவியே இல்லாமல், படுக்கையருகே உட்கார்ந்து பார்த்து எழுதினார்.

அவருக்கு அது போதவில்லை. கெட்ட சாஸேஜிலிருந்து சாறு எடுத்துப் பூனை, முயல், தவளை, பறவை, பூச்சி, நத்தை வரை கொடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு, நம்மை எந்த ஆசிரியரும் செய்யவிடாத ஒரு காரியத்தைச் செய்தார். அந்தச் சாற்றில் சில துளிகளைத் தம் நாவிலேயே வைத்துப் பார்த்தார். வாயும் தொண்டையும் வறண்டன. நண்பர் உலாண்டுக்கு இந்தச் செய்தி பெருங் கவலையை உண்டாக்கிற்று. மனைவியும் சிறு குழந்தைகளும் வீட்டில் இருக்க, ஒரு மனிதன் இப்படிச் செய்யலாமா என்று எனக்கும் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தத் துளிகள் அவருக்கு ஒன்றைக் கற்பித்தன. உயிரைக் கொல்லாத அளவு ஒன்று உண்டு. அந்த அளவில் இந்த நஞ்சு உடம்பின் ஒரு வேலையை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை விட்டுவிடும்.

அவர் முடிவுகள் இவை: காற்றுப் புகாத இடத்தில்தான் இந்த நஞ்சு உண்டாகிறது. அது தசையை அசைக்கும் நரம்புகளையும், வியர்வை, உமிழ்நீர், குடல் ஆகியவற்றை நடத்தும் நரம்புகளையும் தாக்குகிறது. உணர்வையும் அறிவையும் தொடுவதில்லை. மிகச் சிறிய அளவே போதும். துருப்பிடித்த கம்பியில் மின்சாரம் ஓடாமல் நிற்பது போல நரம்பின் ஓட்டம் தடைப்படுகிறது என்று உவமை சொன்னார். மின்சார விளக்கு வீடுகளுக்கு வராத காலம் அது!

தவறும் செய்தார். அந்த நஞ்சை ஒருவகைக் கொழுப்பு அமிலம் என்று நினைத்தார். நூலின் தலைப்பிலும் அப்படியே வைத்தார். அது கிருமி உண்டாக்கும் புரதம் என்று அறிவதற்கு அன்று வழியே இல்லை.

1822-ஆம் ஆண்டு நூலின் எட்டாம் அத்தியாயம்தான் என் மாமாவின் கேள்விக்கு விடை. இத்தனை பேரைக் கொன்ற ஒன்றை மருந்தாக்க முடியுமா என்று அதில் கெர்னர் ஆராய்கிறார். நரம்பு மிகையாகத் துடிப்பதனால் வரும் நோய்களில், கை கால் தாமாக ஆடும் வலிப்பு நோயில், வியர்வையும் சளியும் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்களில், மிகச் சிறு அளவில் இது பயன்படலாம் என்று எழுதினார். ஆர்வ மிகுதியால் வெறிநாய்க் கடி, பிளேக், காசநோய் என்றெல்லாம் பட்டியலை நீட்டிக்கொண்டும் போனார், அவை பலிக்கவில்லை. இது வெறும் யூகம் என்பதையும், வருங்காலத்தவர்கள் சோதித்தே உறுதி செய்ய வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

இதற்குப் பின் அவர் மனம் வேறு திசையில் திரும்பிற்று. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன்.

1826-இல் ஃப்ரீடரிக்கே ஹௌஃபே என்ற இளம்பெண்ணை, இழுப்பும் மயக்கமும் கண்டு குற்றுயிராக இருந்த நிலையில், வைன்ஸ்பெர்க்குக்குக் கொண்டு வந்தார்கள். பிரேவோர்ஸ்ட் என்ற மலைச் சிற்றூரைச் சேர்ந்தவள். ஆவிகள் தன்னோடு பேசுகின்றன என்றாள். கெர்னர் முதலில் வழக்கமான மருந்துகளைக் கொடுத்தார். பலிக்காமற்போகவே, சிறு வயதில் தமக்குச் செய்த அந்தக் காந்த வைத்தியத்தைக் கையாண்டார். அவள் சொன்னதையெல்லாம் நாள்தோறும் எழுதினார், நம்பவும் செய்தார். 1829-இல் அவள் இறந்தாள். அதே ஆண்டு அவளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்து ஐரோப்பா முழுவதும் பரவிற்று. கற்றவர்கள் பலர் நகைத்தார்கள்.

நஞ்சைப் பற்றி அவ்வளவு கூர்மையாகப் பார்த்த அதே கண் இங்கே எப்படி ஏமாந்தது? பல நாள் இதை யோசித்தேன். படுக்கையருகே உட்கார்ந்து, நோயாளி சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதுவது அவர் வழக்கம். சாஸேஜ் நஞ்சில் அந்தப் பொறுமையோடு முயலும் தவளையும் சேர்ந்து சாட்சி சொல்லின; தம் நாக்கும் சொல்லிற்று. ஹௌஃபே விஷயத்தில் அவளுடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. எனக்குத் தோன்றியது இவ்வளவே. வேறு எண்ணமுள்ள நண்பர்கள் அடுத்த இதழில் எழுதலாம்.

ஊரில் அவர் வீடு சத்திரம் போல் இருந்தது. 1822-இல் கட்டிய வீடு. கவிஞர்களும் அகதிகளும் நோயாளிகளும் வந்தவண்ணம் இருப்பார்கள். லெனாவ் என்ற கவிஞர் தோட்டத்துக் கோபுரத்தில் தங்கி எழுதியிருக்கிறார். வீட்டுக்கு மேலே குன்றில் ஓர் இடிந்த கோட்டை. 1140-இல் மூன்றாம் கொன்ராட் மன்னன் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டு, பெண்கள் மட்டும் தோளில் சுமக்க முடிந்ததை எடுத்துக் கொண்டு வெளியேறலாம் என்று அனுமதித்தபோது, அவர்கள் கணவன்மாரைச் சுமந்துகொண்டு வந்தார்கள் என்பது கதை. அந்த இடிபாடுகளைக் காக்க 1823-இல் ஊர்ப் பெண்களைக் கொண்டு ஒரு சங்கம் அமைத்தார் கெர்னர். சுவர்ப் பிளவுகளில் காற்றடித்தால் தானே ஒலிக்கும் யாழ்களையும் வைத்தார். அவருடைய பாட்டுகளில் பன்னிரண்டுக்கு இசைமேதை ஷூமான் 1840-இல் இசையமைத்தார். பிற்காலத்தில் அந்நாட்டில் ஒட்டுக் கலந்து உண்டாக்கிய ஒரு திராட்சை வகைக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மனிதர் மதுவை வெறுத்தவரல்லர்.

முதுமையில் அவருக்குக் கண் மங்கிற்று. 1851-இல் அதனாலேயே வேலையை விட்டார். எழுதும்போது தாளில் மை சிந்தும். கண் தெரியாததனால் சிந்தியது அவருக்குத் தெரியாது. மடித்த தாளைப் பிரித்தால் இரு பக்கமும் ஒத்த விசித்திர உருவங்கள் தெரியும். எரிச்சல் படாமல் அவற்றுக்குக் கண்ணும் காலும் வரைந்து, பக்கத்தில் பாட்டும் எழுதி வைத்தார். அவை 1890-இல் நூலாயின. மைக்கறை காட்டி மனத்தை அளக்கும் ரோர்ஷாக்கின் சோதனை 1921-இல்தான் வந்தது.

1854-இல் ரிக்கலே இறந்தார். அதன் பிறகு அவர் பழைய கெர்னராக இல்லை. 1862 பிப்ரவரி 21-ஆம் நாள் வைன்ஸ்பெர்க்கில் இறந்தார். கல்லறையில் மனைவியின் பெயரை முதலில் பொறித்து, தம்மை அவளுடைய யுஸ்டினுஸ் என்று மட்டும் குறிக்கும்படி செய்திருந்தார். பட்டமும் இல்லை, பதவியும் இல்லை.

அவர் யூகத்தின் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1895-இல் பெல்ஜியத்தில் எல்லெஸெல் என்ற சிற்றூரில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றித் தொடையைச் சாப்பிட்டு நோயில் விழுந்தார்கள், மூவர் இறந்தார்கள். வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் அதிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமி, கெர்னர் சொன்னபடியே. சாஸேஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பொட்டுலினம் என்ற பெயர் வந்தது. 1946-இல் நஞ்சைப் படிகமாகப் பிரித்தார்கள். 1949-இல் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிவருவதை அது தடுக்கிறது என்று கண்டார்கள். துருப்பிடித்த கம்பிக்கு அப்போதுதான் உரை கிடைத்தது. சான்பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணைக் கத்தியின்றி நேராக்க வழி தேடி, முதலில் குரங்குகளிலும் பின்னர் 1970-களின் இறுதியில் மனிதரிலும் அதை ஊசியில் செலுத்தினார். 1989-இல் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும் அனுமதி அளித்தது. கழுத்துக் கோணலுக்கு 2000-இலும், அக்குளில் வியர்வை மிகுவதற்கு 2004-இலும், நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 2010-இலும் அனுமதி வந்தது. நெற்றிச் சுருக்கம் நீக்க 2002-இல் வந்த அனுமதியைத்தான் சினிமாப் பத்திரிகைகள் எல்லாரும் அறியச் செய்துவிட்டன.

ஒரு குப்பியில் இருக்கும் நஞ்சின் எடை சில நானோகிராம். அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்கிட்டால் சில பங்கு. சுண்டெலிகளில் பாதியைக் கொல்லும் அளவே ஒரு யூனிட் என்று கணக்கு. ஊசி போட்ட சில நாளில் தசை தளரும்; மூன்று நான்கு மாதத்தில் நரம்பு மீண்டும் விழித்துக் கொள்ளும்; மறுபடி போட வேண்டும். அருகிலுள்ள தசைக்குப் பரவினால் இமை தொங்கலாம். கழுத்தில் போட்டால் விழுங்குவது கடினமாகலாம். தசை நலிவு நோய் உள்ளவர்களுக்கு மிகுந்த எச்சரிக்கை தேவை. தேர்ந்த கை அல்லாத இடத்தில் இதைப் போட்டுக் கொள்வது ஆபத்து என்பதை அழகு நிலைய விளம்பரங்களைப் பார்க்கும் நண்பர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவையும் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். நாவில் துளி வைத்த கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னார். அந்த ஆளின் பெண்டாட்டி அவரை ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். பிறகு போட்டுக் கொள்வதாகச் சம்மதித்தார்.

ஐந்தாம் நாள் காலை அத்தை விரலால் பிடிக்காமல் பால்கனியில் நின்று கீழே காய்கறி வண்டியைப் பார்த்துக் கொண்டிருந்தார். இடது இமை மட்டும் மூன்று வாரம் சற்றுத் தொங்கியே இருந்தது. மாமா மறுபடி தொலைபேசியில் கோபித்துக் கொண்டார். பிறகு அதுவும் நேராயிற்று. மார்கழியில் இரண்டாவது ஊசி போட்டாயிற்று. சித்திரையில் மூன்றாவது. ரயிலில் கீழ்ப் படுக்கைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.